ஒரு சீட்டில் டிமென்ஷியா, இன்னொரு சீட்டில் அல்சைமர்: எது சரி?

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார்: "அத்தைக்கு 71 வயது. ஒன்றரை வருடமாக மறதி. போன மாதம் பாலக்காட்டில் காட்டினோம், சீட்டில் டிமென்ஷியா என்று எழுதினார்கள். மனசு கேட்காமல் கோயம்புத்தூருக்கும் கூட்டிப்போனோம், அங்கே அல்சைமர் என்கிறார்கள். யார் சொல்வது சரி? டிமென்ஷியா முற்றினால்தான் அல்சைமரா? இரண்டு பேரும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், எதைக் கொடுப்பது? சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகோணும்' என்று கிளம்பிவிடுகிறார், அதற்கு என்ன செய்வது?"

அம்மிணி, மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது இன்று ராத்திரியே தேவைப்படும். இரண்டு மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை ஒட்டிப் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இரண்டிலும் டோனெபெசில் (மறதிக்குக் கொடுக்கிற மருந்து) என்று இருந்தால் இரண்டும் ஒரே மருந்து. இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு உள்ளே போகும். வாந்தி, பேதி, பசியின்மை வரும். நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழவும் கூடும். இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி என்று இரண்டு மாநிலத்திலும் காட்டுகிற நம் ஊர்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே மருந்து என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மற்றபடி நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். நாளைக் காலையில் இரண்டு டாக்டர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, இரண்டு சீட்டும் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். இனி எங்கே போனாலும் இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

இனி பெயர் விஷயம். இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரியாகவே இருக்கலாம்.

மஞ்சக்காமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கண் மஞ்சளாகிறது, மூத்திரம் மஞ்சளாகப் போகிறது, பார்த்தவுடன் காமாலை என்கிறோம். ஆனால் அது எதனால் வந்தது? ஈரலில் கிருமி புகுந்திருக்கலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், குடியால் ஈரல் கெட்டிருக்கலாம். கல் அடைத்தவருக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டிமென்ஷியா என்பது காமாலை மாதிரி, வெளியே தெரிகிற நிலைமையின் பெயர். அல்சைமர் என்பது அதை உண்டாக்குகிற நோய்களில் ஒன்று. அதிகமாக வருவதும் அதுதான்: உலக சுகாதார நிறுவனக் கணக்கில் டிமென்ஷியா வந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர். அதனால்தான் இரண்டு சொல்லும் ஒன்று என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. ஒன்று முற்றி இன்னொன்றாக மாறுவதில்லை. பாலக்காட்டு டாக்டர் நிலைமையை எழுதியிருக்கிறார், கோயம்புத்தூர் டாக்டர் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் எந்த மறதியை டிமென்ஷியா என்பது? வயசானால் பெயர் சட்டென்று வாயில் வராது, கண்ணாடியை வைத்த இடம் மறக்கும். கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிடும், வேலையும் நடக்கும். டிமென்ஷியாவில் ஞாபகம், பேச்சு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது, முடிவெடுப்பது என்று ஒன்றுக்கு மேற்பட்ட திறமைகள் குறைந்து, தினப்படி வேலையே தடுமாறும். எருத்தேன்பதிப் பக்கம் ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். ஐம்பது வருஷம் சந்தகை (இடியாப்பம் மாதிரி) செய்த கை. அன்றைக்குப் பிழிய உட்கார்ந்தவர், வெந்த உருண்டை ஆவி பறக்க முன்னால் இருக்க, அதைக் கையில் எடுத்தார், பார்த்தார், திரும்பத் தட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற மகள் "உப்பு மறந்தாங்க, சரின்னு விட்டோம். இது வேறங்க" என்றார். அந்த மகள் சொன்ன "இது வேற"தான் நான் சொல்ல வந்தது. நம் ஊரில் "வயசானா அப்படித்தான்" என்பார்கள், மலையாளத்தில் "அத்தும் பித்தும்" என்பார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தவுடன் டாக்டரிடம் போகிற யோசனை நின்றுவிடும். நான் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்ஸாக, அதாவது தீராத நோய்க்காரர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கிற நர்ஸாக, 13 வருஷம் வீடு வீடாகப் போனவள். தாமதமாக வந்தவர்களை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

அல்சைமர் என்பது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர். 1901-ல் ஃபிராங்ஃபர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் 51 வயதான அகுஸ்தே டெட்டர் என்ற பெண்ணை அலோயிஸ் அல்சைமர் பார்த்தார். ஞாபகம் போய், புருஷன் மேல் சந்தேகம் வந்து, பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிற நிலைமை. 1906-ல் அந்தப் பெண் இறந்த பிறகு அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது, உயிரணுக்களுக்கு நடுவே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். இன்று முதலாவதை அமிலாய்ட் என்றும் இரண்டாவதை டாவ் என்றும் சொல்கிறோம். 1910-ல் எமில் கிரேப்பலின் என்ற மனநல டாக்டர் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் பெயரை வைத்தார். அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு என்பதால், சின்ன வயதில் வருவது மட்டும்தான் அல்சைமர், கிழவர்களுக்கு வருவது வெறும் முதுமைத் தளர்ச்சி என்று ரொம்ப காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். 1976-ல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் இரண்டும் ஒரே நோய்தான் என்று அழுத்தி எழுதினார். அதற்குப் பிறகுதான் 70 வயதுக்காரரின் மறதியையும் நோயாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. இந்தப் பெயர்க் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் இருப்பதல்ல, வைத்தியத்துக்குள்ளேயே அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

அல்சைமர் பெரும்பாலும் முதலில் தொடுவது ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியை. புது விஷயங்களைப் பதிய வைக்கிற வேலை அதனுடையது. காலையில் சாப்பிட்டது பதியவில்லை, அதனால் மறுபடி சாப்பாடு கேட்பார். கல்யாணத்தன்று யார் யார் வந்தார்கள் என்பது என்றைக்கோ பதிந்தது, அதை வரிசையாகச் சொல்வார். "பழசெல்லாம் சொல்றாங்களே, நடிக்கறாங்க" என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். நடிப்பே இல்லை, அம்மிணி. நோயின் நடையே அப்படித்தான்.

மற்ற காரணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் செய்கிற காரியம் அதைப் பொறுத்து மாறும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபட்டு வருவது ஒரு வகை. பக்கவாதம் வந்த பிறகோ, வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகளாலோ வரும். மெல்லச் சரியாமல் படிப்படியாக இறங்கும்: நாலு மாதம் அப்படியே இருப்பார், ஒரு நாள் திடீரென்று ஒரு படி கீழே. இதில் பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்தால் அடுத்த படியைத் தள்ளிப்போடலாம். வயதானவர்களுக்கு அல்சைமரும் இதுவும் சேர்ந்தே இருப்பது சகஜம்.

லூயி பாடி என்று ஒன்று. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஞாபகம் ஓரளவு இருக்கும், ஆனால் இல்லாத ஆட்கள் தெரிவார்கள்: "மூலையில குழந்தைங்க உக்காந்திருக்குதுங்க" என்பார். காலையில் தெளிவு, மத்தியானம் மந்தம். கை கால் விறைக்கும், நடை குறுகும், தூக்கத்தில் கையை வீசி அடிப்பார். நம் பக்கம் பேய் பிடித்தது என்று மந்திரவாதியிடம் கூட்டிப்போய், அங்கே வேப்பிலையும் அடியும் வாங்கித் திரும்பிய ஒரு பெரியவரை நான் அறிவேன். இவர்களுக்கு ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகள் சேராது, உடம்பு மரக்கட்டையாக விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி ரகளை செய்கிறார் என்று அவசரத்துக்கு ஊசி போடப் போகும் இடத்தில் "எங்கப்பாவுக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியுதுங்க, லூயி பாடியா இருக்குமோன்னு சந்தேகம்" என்று வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நெற்றிப்பக்க மூளையில் தொடங்குகிற இன்னொரு வகையில் ஞாபகம் நன்றாகவே இருக்கும், குணம் மாறும். மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் சபையில் கண்டபடி பேசுவார், இனிப்பாகவே தின்பார். பலருக்கு 65 வயதுக்கு முன்னாலேயே வரும். குடும்பத்தில் இதைக் கெட்ட நடத்தை என்று எடுத்துக்கொண்டு உறவே முறிந்துபோகிறது.

இப்போது மிக முக்கியமான பகுதி. டிமென்ஷியா மாதிரியே தெரிந்து, வைத்தியத்தில் தேறக்கூடியவை சில இருக்கின்றன. பி12 குறைவு ஒன்று. சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரலாம். தைராய்டு குறைவு. ரத்தத்தில் உப்பு இறங்குவது. கடுமையான மனச்சோர்வு. தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், மூத்திரம் அடக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள். மூளைக்குள் நீர் கோத்து, நடை தரையோடு ஒட்டியது போலாகி, மூத்திரம் அடக்க முடியாமல், மறதியும் சேருகிற ஒரு நிலைமை. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பிப்போனால் மூத்திரக் கிருமியோ நெஞ்சுச் சளியோ இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். டிமென்ஷியா பெரும்பாலும் அப்படி நாள்கணக்கில் வருவதில்லை.

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. 74 வயது அம்மா. சாணி அள்ளும்போது கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. ரத்தம் வரவில்லை, மஞ்சளை வைத்துக் கட்டி அதோடு விட்டுவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து மகனைத் தெரியவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம். ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு வயசைக் கேட்டுவிட்டு மறதி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது எப்போதிலிருந்து என்று நாளைக் கேட்டேன். மகன் விரலை மடக்கி எண்ணி "ஐப்பசி வரைக்கும் மாட்டைக் கறந்து அளந்து ஊத்துனாங்க" என்றார். ஐப்பசி வரை பால் அளந்தவர் கார்த்திகை முடிவதற்குள் மகனை மறக்கிறார் என்றால் அது அல்சைமரின் வேகம் கிடையாது. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. ஓட்டை போட்டு எடுத்த நாலாம் நாள் மகனைப் பார்த்து "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டார்.

அதனால், சீட்டில் டிமென்ஷியா என்று பார்த்தவுடன் நீங்கள் கேட்க வேண்டியது "எதனாலங்க?" என்ற ஒரு கேள்விதான். பி12, தைராய்டு, உப்பு, சுகர் ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுத்தாகிவிட்டதா என்று இரண்டு ஃபைலிலும் தேடிப் பாருங்கள். கோயம்புத்தூரில் இவற்றைப் பார்த்துவிட்டு அல்சைமர் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெயருக்கு எடை உண்டு.

நம் எல்லைப்பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அத்தையை எந்த பாஷையில் பரிசோதித்தார்கள்? அவருக்கு வீட்டில் தமிழ், சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம். டிமென்ஷியாவில் பின்னால் கற்ற பாஷை பெரும்பாலும் முதலில் தளரும். ஒரு பாட்டியிடம் "இப்போள் ஏதா மாசம்?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஆவணிங்க" என்றார். கேட்ட இளைஞர் தவறு என்று குறித்துவிட்டார். நமக்கு ஆவணி என்றால் அவர்களுக்குச் சிங்கம், மாதம் ஒன்றுதான். பாட்டி சொன்னது சரியான விடை. எடுத்துச் சொன்னவுடன் அந்தப் பிள்ளை திருத்திக்கொண்டார். பள்ளிக்கூடம் போகாதவரிடம் நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போகச் சொல்வதும் அப்படித்தான். அதே பாட்டியிடம் தேங்காய் கணக்கு கேட்டால் அசராமல் சொல்வார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்து டாக்டர்கள் ஞாபகப் பரிசோதனை ஒன்றை மலையாளத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்து வைத்தார்கள். நல்ல வேலை, ஆனால் தமிழ்ப் பாட்டிக்கு அது உதவாது. "தமிழில் கேட்க ஆள் இருக்கிறாங்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆள் இல்லை என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து கேள்வியை மட்டும் தமிழில் சொல்லுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பாஷை பற்றிய ஒரு நல்ல செய்தியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு ஒரே பாஷை பேசுகிறவர்களைவிட சுமார் நாலரை வருஷம் தாமதமாகத்தான் நோய் தொடங்கியது. படிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் பேசுவதைக் குறையாக நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

மருந்து என்ன செய்யும்? டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் இவையெல்லாம் நோயைக் குணமாக்குவதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவையும் தினப்படி வேலையையும் தாங்கிப் பிடிக்கும். அமிலாய்டைக் கரைக்கிற லெகனிமாப், டோனனிமாப் என்ற ஊசிகளுக்கு 2023-லும் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. மூளை வீக்கம், கசிவு என்ற ஆபத்தும் உண்டு. அல்சைமர் தவிர்த்த டிமென்ஷியாவுக்கு இவை பயன்படாது. பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள அதுவும் ஒரு காரணம். யாராவது இதைக் காட்டி நிலத்தை விற்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள்.

அத்தைக்குக் காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு டிமென்ஷியாவுக்கு வழி வகுப்பவை என்று எடுத்துச் சொன்ன 14 காரணங்களில் காது மந்தமும் பார்வைக் குறைவும் இருக்கின்றன. சுகர், பிரஷர், புகை, குடி, தனிமையும் அதில் உண்டு. இவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் வீட்டுக்காரருக்கும் வருமா என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். ஒரே மரபணுவால் நேராக இறங்குகிற அல்சைமர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவர் சுகர், பிரஷரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உதவி கேட்கத் தயங்காதீர்கள். கேரளத்தில் 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை வந்தபிறகு பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆஷா அக்காவிடம் சொன்னால் பெயரைச் சேர்த்துவிடுவார். படுக்கைப்புண், மூத்திர ட்யூப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவையுங்கள். அல்சைமர் குடும்பங்களுக்காக 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற சங்கமும் இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, மனசு தாங்காமல் உங்களுக்கே பேச வேண்டும் என்றால் 14416. இரண்டாவதையும் குறித்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்கிறவர் உடைந்துபோனால் வீடே உடைந்துவிடும்.

கடைசியாக, சாயங்காலக் கேள்வி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் பலருக்கும் குழப்பம் கூடும். பொழுது இறங்குவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள், மூத்திரம், பசி, வலி இருக்கிறதா என்று பாருங்கள். வாசற்படலுக்கு ஒரு மணி கட்டுங்கள். அவர் சேலை முந்தானையில் உங்கள் போன் நம்பரைத் தைத்துவையுங்கள். "இதுதானுங்க உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். அவர் கேட்பது பிறந்த வீடாக இருக்கும், அங்கே யார் இருந்தார்கள், கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே கூட நடந்து ஒரு சுற்றுச் சுற்றி அழைத்து வாருங்கள்.

என் மாமனாருக்கும் அல்சைமர்தான். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் திண்ணையிலிருந்து எழுந்துவிடுவார். "ஏனம்மிணி, கறக்கற நேரமாச்சு, கன்னு கத்துது, ஆரும் போகலியா?" மாட்டை விற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் விற்றுவிட்டோம் என்று உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தான் விற்றது போல அழுதார். அப்புறம் மாற்றிக்கொண்டேன். "கறந்தாச்சுங்க மாமா, பாலும் சொசைட்டிக்குப் போயிருச்சு." "எத்தன லிட்டரு?" "ஏழரைங்க." அது அவர் கையால் கறந்த காலத்துக் கணக்கு. தலையை ஆட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் வாய் தவறி ஆறு என்று சொல்லிவிட்டேன். "எப்படிக் குறைஞ்சுது? பருத்திக்கொட்டை வெச்சீங்களா இல்லியா?" என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கட்டுத்தரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஏழரையை நான் மாற்றவே இல்லை.